நம்ம இணையக் கடைக்கு யார் வந்தாங்க? டேஷ்போர்டு படிக்கப் பழகுவோம்



நம் கூட்டமைப்பின் பொருட்களுக்கு இணையதளம் தொடங்கிய பிறகு, மாதாந்திரக் கூட்டத்தில் வரவு செலவு வாசித்து முடித்ததும் இன்னொரு கணக்கும் வாசிக்கப்படுகிறது. "இந்த மாசம் இத்தனை ஆயிரம் வியூஸ்" என்று சொல்கிறார்கள். எல்லோரும் கை தட்டுகிறோம். ஆனால் இருப்பு அறைக்குப் போய்ப் பார்த்தால் சத்துமாவுப் பாக்கெட்டுகள் அடுக்கியபடியே இருக்கின்றன. போன கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து கேட்டே விட்டார்: "எட்டிப் பார்த்துட்டுப் போறவங்களை எண்ணி என்னங்க ஆகப்போகுது? வாங்கினவங்க எத்தனை பேரு, அதைச் சொல்லுங்க."

நியாயமான கேள்வி. அதைக் கேட்க இதைவிட நல்ல நேரமும் கிடையாது. இணையதளத்துக்கு விளம்பரம் செய்ய 5,000 ரூபாய் ஒதுக்கலாமா என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானத்துக்கு வரப்போகிறது. அது நம் பொது நிதிப் பணம். கை தூக்குவதற்கு முன்னால், அந்தத் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று நாமே படிக்கத் தெரிந்துகொள்வோம். கணினி படித்திருக்க வேண்டியதில்லை. குழுவின் வரவு செலவு நோட்டைப் படிக்கத் தெரிந்தவருக்கு இதுவும் வரும்.

டேஷ்போர்டு என்றால் என்ன?

பஸ் டிரைவருக்கு முன்னால் வேகம், டீசல், சூடு எல்லாம் காட்டும் பலகை இருக்குமே, அதற்குப் பெயர்தான் டேஷ்போர்டு. இணையதளத்துக்கும் அப்படி ஒரு பலகை உண்டு. எத்தனை பேர் வந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள், எந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள், எதை அழுத்தினார்கள் என்று ஒரே திரையில் காட்டும்.

கண்காட்சியில் கடை போட்ட நாளை நினைத்துப் பாருங்கள். கடை முன்னால் ஆயிரம் பேர் நடந்து போவார்கள். அதில் நூறு பேர் நின்று பார்ப்பார்கள். முப்பது பேர் கையில் எடுத்து விலை கேட்பார்கள். பத்துப் பேர் வாங்குவார்கள். இதெல்லாம் நம் கண்ணுக்கு முன்னால் நடப்பதால் யாரும் நோட்டுப் போட்டு எழுதுவதில்லை. "கூட்டம் நல்லாத்தான் இருந்துச்சு, போணிதான் ஆகலை" என்று அன்று மாலையே சொல்லிவிடுவோம். இணையக் கடையில் நம் ஆள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. வந்தவரையும் தெரியாது, போனவரையும் தெரியாது. அங்கே நமக்காகத் தானே கணக்கு எழுதும் நோட்டுதான் இது.

எப்படி எழுதுகிறது? நம் தளத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னக் குறிப்பு வைக்கப்பட்டிருக்கும். ஒருவர் தன் போனில் பக்கத்தைத் திறந்ததும், எந்தப் பக்கம், எத்தனை மணி, எதன் வழியாக வந்தார், போனா கணினியா என்ற விவரத்தை அது அனுப்பிவிடும். அடுத்த முறை வந்தால் அடையாளம் தெரிய, அந்தப் போனில் குக்கி என்ற ஒரு சீட்டையும் வைத்துவிட்டுப் போகும்.

முன்பெல்லாம் தளத்தின் அடியில் "நீங்கள் இத்தனையாவது பார்வையாளர்" என்று ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் பல தளங்களில் ஒரே ஆள் பத்துத் தடவை திறந்தாலும் பத்து ஏறும். இப்போது அதிகம் பேர் பயன்படுத்துவது கூகுள் அனலிட்டிக்ஸ். 2005 நவம்பரில் வந்தது. சாதாரணப் பயன்பாட்டுக்கு இலவசம். நமக்கு அதுவே ஏராளம். ஆகவே யாராவது "அனலிட்டிக்ஸ் கட்டணம்" என்று பில் கொடுத்தால், அது எந்த வேலைக்கான கூலி என்று கேளுங்கள். அமைத்துத் தருவதற்கும், மாதாமாதம் படித்து விளக்குவதற்கும் கூலி கேட்பது நியாயம். கூகுளுக்குக் கட்டவேண்டும் என்று சொன்னால் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள்.

முதலில் கணக்கு யார் பேரில் இருக்கிறது?

எண்களைப் படிப்பதற்கு முன்னால் பார்க்கவேண்டியது இது. என் கருத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இதுவே முக்கியம். தளம் செய்து தருகிறவர், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று தன் சொந்த ஜிமெயிலிலேயே அனலிட்டிக்ஸ் கணக்கைத் தொடங்கிவிடுவது வழக்கம். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டால், நம் கடையின் நோட்டும் அவரோடு போய்விடும். குழுவின் வங்கிப் பாஸ்புத்தகத்தை வெளி ஆள் பேரில் எடுப்போமா?

கூட்டமைப்புக்கு என்று ஒரு ஜிமெயில் இருக்கவேண்டும். கணக்கு அதன் பேரில் இருக்கவேண்டும். தலைவி, செயலாளர் இருவருக்கும் அவரவர் ஜிமெயில் வழியாக அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை கொடுக்கலாம். தளம் பார்க்கும் தம்பிக்கு எடிட்டர் உரிமை போதும். மற்ற நிர்வாகிகளுக்கு வியூவர் உரிமை கொடுத்தால் பார்க்கலாம், மாற்ற முடியாது. இப்படி ஒவ்வொருவருக்கும் தனி உரிமை தரும் வசதி அதிலேயே இருக்கிறது. அதனால் பாஸ்வேர்டை ஒருவருக்கொருவர் சொல்லித் தரவேண்டிய தேவையே கிடையாது. ஓடிபியும் அப்படித்தான், யாருக்கும் சொல்லாதீர்கள். பொறுப்பு மாறும்போது வங்கியில் கையெழுத்து மாற்றுகிற அன்றே இதையும் மாற்றி, தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.

அமைக்கும்போது இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, நேரம் இந்திய நேரமாகவும், பணம் ரூபாயாகவும் இருக்கவேண்டும். அமெரிக்காவின் மேற்குக் கரை நேரத்தில் விட்டுவிட்டால், நம் காலை ஏழு மணிக்கு வந்தவர் முந்தின நாள் கணக்கில் விழுவார். ஆர்டர் நோட்டோடு ஒத்துப் பார்க்கவே முடியாது. இரண்டாவது, தளத்துக்குக் கிடைக்கும் அடையாள எண். அது 'ஜி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கவேண்டும். 'யுஏ' என்று தொடங்கினால் அது பழைய முறை. 2023 ஜூலை 1-ஆம் தேதியோடு கூகுள் அதை நிறுத்திவிட்டது. பழைய தளம் வைத்திருக்கும் கூட்டமைப்புகள் இதை அவசியம் பாருங்கள். மூடின நோட்டை வைத்துக்கொண்டு "ஏன் ஒண்ணுமே ஏறலை" என்று கவலைப்படுவதில் பயனில்லை.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? திரையில் ரியல்டைம் என்ற பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு, உங்கள் போனில் தளத்தைத் திறங்கள். சில விநாடிகளில் அங்கே ஒரு ஆள் ஏறவேண்டும். அது நீங்கள்தான். கடைசி 30 நிமிடத்தில் வந்தவர்களை அந்தப் பகுதி காட்டும். மற்ற பகுதிகளில் முழுக் கணக்கு வந்து சேர ஒரு நாள், இரண்டு நாள்கூட ஆகலாம். நேற்று வந்த கூட்டத்தை இன்று காலையில் தேடாதீர்கள்.

திரையில் வரும் சொற்கள்

நம் அலுவலகக் கணினியில் ஆங்கிலத்தில்தான் வருகிறது. பயப்பட ஒன்றுமில்லை, தேவைப்படுவது நாலைந்து சொல்தான்.

யூசர்ஸ் என்றால் வந்த ஆட்கள். உண்மையில் அது எண்ணுவது ஆளை இல்லை, போனை. ஒருவரே தன் போனிலும் மகன் போனிலும் பார்த்தால் இரண்டு என்று எழுதும். வீட்டில் நாலு பேரும் ஒரே போனில் பார்த்தால் ஒன்று என்று எழுதும். ஆகவே எண்ணைக் கொஞ்சம் முன்பின்னாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

செஷன்ஸ் என்றால் வருகை. காலையில் ஒருதரம், சாயந்திரம் ஒருதரம் வந்தால் ஆள் ஒன்று, வருகை இரண்டு. நடுவில் 30 நிமிடம் எதுவும் தொடாமல் இருந்துவிட்டுத் திரும்பினால் புது வருகையாக எழுதும். வியூஸ் என்றால் பார்த்த பக்கங்கள். ஒரே ஆள் ஒரே வருகையில் ஐந்து பக்கம் திருப்பினால் வியூஸ் ஐந்து. இந்த மூன்றில் எப்போதும் பெரிதாக இருப்பது வியூஸ்தான். அதனால்தான் கூட்டத்தில் அதையே வாசிக்கிறார்கள்! கை தட்டுவதற்கு முன்னால் "யூசர்ஸ் எத்தனை?" என்று கேட்டுப் பழகுங்கள்.

அடுத்தது எங்கேஜ்மெண்ட். வந்தவர் உண்மையிலேயே பார்த்தாரா, கதவைத் திறந்து மூடிவிட்டுப் போனாரா என்பது. பத்து விநாடிக்கு மேல் இருந்தாலோ, இரண்டு பக்கமாவது பார்த்தாலோ, நாம் முக்கியம் என்று குறித்த செயலைச் செய்தாலோ அதை ஈடுபாடுள்ள வருகை என்று எழுதும். பத்து விநாடி பெரிய நேரமில்லை. ஆனாலும் அதைக்கூடத் தாண்டாதவர் எத்தனை பேர் என்று பார்த்தால் சில நேரம் ஆச்சரியமாக இருக்கும்.

கடைசியாகக் கீ ஈவண்ட். நாம் முக்கியம் என்று குறித்து வைக்கும் செயல். நம் தளத்தில் பணம் கட்டும் வசதி கிடையாது. வாட்ஸ்அப் பட்டனை அழுத்தியோ, போன் செய்தோதான் ஆர்டர் கொடுக்கிறார்கள். எனவே நமக்கு முக்கியமான செயல் அந்த இரண்டு அழுத்தல்களும்தான். இவற்றைத் தனித்தனியாக எண்ணி, கீ ஈவண்டாகக் குறித்துத் தரும்படி தளம் செய்பவரிடம் கேளுங்கள். "செய்யலாம் அக்கா, அப்புறம் பார்க்கலாம்" என்பார். அப்புறம் வேண்டாம், இப்போதே. கண்காட்சியில் விலை கேட்டவர்களின் கணக்கு இது. இது இல்லாத டேஷ்போர்டு நமக்குப் பாதி உபயோகம்தான்.

எங்கிருந்து வந்தாங்க?

அக்விசிஷன் என்ற பகுதியில் வந்த வழி இருக்கும். கூகுளில் தேடி வந்தவர் ஆர்கானிக் சர்ச். பேஸ்புக், இன்ஸ்டாகிராம் வழியாக வந்தவர் சோஷியல். வேறொரு தளத்தில் நம் இணைப்பைப் பார்த்து வந்தவர் ரெஃபரல். எந்த வழி என்று தெரியாதவரை டைரக்ட் என்று எழுதும். முகவரியைத் தானே தட்டி வந்தவரும் இதிலேதான் வருவார். வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பிய இணைப்பை அழுத்தி வருபவர்கள் பெரும்பாலும் இதில்தான் போய் விழுகிறார்கள். "டைரக்ட் அதிகமா இருக்கே, நம்ம பேரு பரவிடுச்சு" என்று சந்தோஷப்பட முடியாது. நம் குழுவில் பகிர்ந்த இணைப்பை நம் உறுப்பினர்களே திறந்து பார்த்திருக்கலாம். கூட்டமைப்பில் 200 பேர் இருந்து, எல்லோரும் ஆசையாக ஒருதரம் திறந்தால் யூசர்ஸ் 200 ஏறிவிடுமே!

இதற்கு ஒரு வழி இருக்கிறது. இணைப்பு முகவரியின் கடைசியில் ஒரு வால் சேர்த்து அனுப்பலாம். யுடிஎம் என்று சொல்வார்கள். வாட்ஸ்அப்புக்கு ஒரு வால், பேஸ்புக் விளம்பரத்துக்கு ஒரு வால், பாக்கெட்டில் ஒட்டும் கியூஆர் குறியீட்டுக்கு ஒரு வால் என்று தனித்தனியாகக் கொடுத்தால், எந்த வழியில் வந்தவர் எத்தனை பேர் என்று பிரிந்து தெரியும். பாக்கெட்டில் கியூஆர் ஒட்டுவதை நான் ரொம்பவே சிபாரிசு செய்வேன். ஏற்கெனவே நம் பொருளைச் சாப்பிட்டுப் பார்த்தவர் இரண்டாம் முறை தேடி வருகிறார் என்றால், அந்த வருகையின் மதிப்பே வேறு.

ஊர்ப் பெயரும் காட்டும். அதை ரொம்ப நம்பவேண்டாம். இணைய இணைப்பை வைத்துத் தோராயமாகச் சொல்வதுதான். போன் இணைப்பில் வருபவருக்குப் பக்கத்து நகரத்தின் பெயரோ, சென்னையோகூடக் காட்டலாம். வந்தவரின் பெயர், போன் எண் எதுவும் இதில் தெரியாது. தெரியவும் கூடாது. அப்படிப்பட்ட விவரங்களை இதற்குள் அனுப்பக் கூடாது என்பது கூகுளின் விதி. தளத்தின் அடியில் "வருகைக் கணக்கு எடுக்கிறோம்" என்று தமிழில் இரண்டு வரி எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

ஒரு மாதக் கணக்கைப் படித்துப் பார்ப்போம்

பாடத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கு வைத்துக்கொள்வோம். ஒரு மாதத்தில் யூசர்ஸ் 400, செஷன்ஸ் 520, வியூஸ் 1,300. வாட்ஸ்அப் பட்டன் அழுத்தியது 24 தடவை. நம் ஆர்டர் நோட்டில் இணையம் வழியாக வந்த ஆர்டர் 9.

பக்கம் பக்கமாகப் பார்த்தால், பனையோலைக் கூடைப் பக்கத்தை 310 தடவை பார்த்திருக்கிறார்கள். அங்கிருந்து பட்டன் அழுத்தியது 4 தடவைதான். சத்துமாவுப் பக்கத்தைப் பார்த்தது 240 தடவை, அழுத்தியது 15. மீதி 5 அழுத்தல் மற்ற பக்கங்களில். இப்போது சொல்லுங்கள், கூடைக்கு ஆள் வரவில்லையா? வருகிறார்கள். சத்துமாவைவிட அதிகமாகவே வருகிறார்கள். வந்தவர் கேட்காமல் திரும்பிப் போகிறார். ஏன் என்பது டேஷ்போர்டில் இருக்காது. கூடைப் பக்கத்தை ஒருதரம் பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனில் திறந்து, அவரிடம் கொடுத்து, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். "எவ்வளவு பெருசுங்க இது?" என்று கேட்பார். அளவு போட்டிருக்காது. "வீட்டுக்கு வந்து சேர எவ்வளவு ஆகும்?" என்பார். கூரியர் செலவும் போட்டிருக்காது. படம் லேசாகத் திறக்கவில்லை என்றால் அதற்குள் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அடுத்து, 24 பேர் கேட்டார்கள் என்றால் வாங்கியது ஏன் 9? (அழுத்திய எல்லோரும் செய்தி அனுப்பியிருக்கமாட்டார்கள், அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.) இது தளத்தின் குறையாக இருக்க வாய்ப்புக் குறைவு. வாட்ஸ்அப்பைத் திறந்து பாருங்கள். காலையில் விலை கேட்டவருக்கு மறுநாள் பதில் போயிருக்கும். ஆர்டர் போன் யார் கையில் இருக்கிறது, அவர் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தால் யார் பார்ப்பது என்பதெல்லாம் நம் ஏற்பாடு. அதைக் கூகுள் சொல்லாது.

இப்போது விளம்பரக் கேள்விக்கு வருவோம். 5,000 ரூபாய்க்கு விளம்பரம் செய்தோம், யூசர்ஸ் 400-லிருந்து 2,400 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் விளம்பரம் வழியாக வந்த அந்த 2,000 பேர் சராசரியாக 5 விநாடி இருந்தார்கள், அவர்களில் பட்டன் அழுத்தியவர் 5 பேர் என்றால்? ஒரு விசாரிப்புக்கு 1,000 ரூபாய் கொடுத்திருக்கிறோம். ஒரு பாக்கெட் சத்துமாவில் நமக்கு 40 ரூபாய் நிற்கிறது என்றால், அந்த 5,000-ஐத் திரும்ப எடுக்கவே 125 பாக்கெட் கூடுதலாக விற்கவேண்டும். ஐந்து பேர் அத்தனை வாங்குவார்களா?

விளம்பரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதே பணத்துக்கு நூறு பேர் விசாரித்தால் கணக்கு மாறிவிடும். எது நடக்கும் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் முதலில் கூடைப் பக்கத்தில் அளவும் கூரியர் செலவும் போட்டு, பட்டனை எண்ண ஏற்பாடு செய்து, பிறகு 500 ரூபாய்க்கு மட்டும், தனி வால் சேர்த்த இணைப்போடு விளம்பரம் செய்து பார்க்கலாம் என்பது என் யோசனை. 500 போனால் 13 பாக்கெட்டில் ஈடுகட்டிவிடலாம். பலன் தெரிந்தால் மீதியை ஒதுக்கலாம். முடிவு உங்கள் கூட்டத்துடையது.

பச்சை அம்பு, சிவப்பு அம்பு

திரையில் எண்ணுக்குப் பக்கத்தில் பச்சையில் மேல் அம்பு, சிவப்பில் கீழ் அம்பு வரும். முந்தைய நாட்களோடு ஒப்பிட்டுக் காட்டுவது. போன வாரம் 4 பேர் கேட்டு, இந்த வாரம் 8 பேர் கேட்டால் "100 சதவீதம் உயர்வு" என்று போடும். பொய்யில்லை, ஆனால் கூடியது நாலு பேர். சின்ன எண்களில் சதவீதத்தை விட்டுவிட்டு ஆளை எண்ணுங்கள்.

பண்டிகை நாட்களில் இன்னும் கவனம் வேண்டும். தீபாவளிக்கு முன்னால் பலகாரப் பொடி ஓடும், முடிந்த பிறகு படுத்துவிடும். அப்போது வரும் சிவப்பு அம்பைப் பார்த்து யாரையும் கடிந்துகொள்ளாதீர்கள். போன வருடப் பண்டிகையோடு ஒப்பிடுவதுதான் முறை. அதிலும் தேதி மாறும். 2024-இல் தீபாவளி அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. அக்டோபரையும் அக்டோபரையும் வைத்தால் கணக்குச் சரியாக வராது. பண்டிகைக்கு முந்தைய மூன்று வாரம் என்று இரண்டு வருடத்துக்கும் தேதியைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். தேதி மாற்றும் இடம் திரையின் மேல் பக்கம் வலது மூலையில் இருக்கிறது.

தினமும் பார்க்கவேண்டியதில்லை. மாதம் ஒருமுறை, அரை மணி நேரம் போதும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆர்டர் நோட்டை எடுத்து வாருங்கள். இணையம் வழியாக வந்த ஆர்டர்களுக்கு நேராக "இ" என்று குறித்து வையுங்கள். தளம் பார்க்கும் தம்பியையும் வரச் சொல்லியிருக்கிறோம். கணக்கு யார் ஜிமெயிலில் இருக்கிறது, அடையாள எண் 'ஜி'யில் தொடங்குகிறதா, வாட்ஸ்அப் பட்டன் எண்ணப்படுகிறதா என்று மூன்றையும் அவரிடம் திரையிலேயே காட்டச் சொல்லிக் கேளுங்கள். விளம்பரத் தீர்மானத்தை அதற்கு அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.